திரியாத ரத்தம்

கொல்லிமலையின் குண்டனி நாட்டில் ஒருத்தரும் விரலை நீட்டவில்லை. காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்தால் வாங்கிக்கொண்டார்கள், காலில் புண் என்றால் மருந்து போட்டுக்கொள்ளக் காலை நீட்டினார்கள். ஊசியைக் கண்டால் மட்டும் ஆளைக் காணோம். டாக்டர் அர்த்தனாரி வாசலூர்பட்டியில் ஒரு கூரைக்கொட்டகையில் பெட்டிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

திருச்செங்கோட்டுக்காரர் அவர். பட்டணத்தில் படித்தவர். மலைச்சனங்களின் ரத்தம் என்னென்ன வகை என்று பார்த்து வரச்சொல்லி மேலிடத்தில் அனுப்பியிருந்தார்கள். வெள்ளைக்காரன் ஆட்சி நடந்த காலம், இரண்டாம் உலகச் சண்டை இன்னும் மூளவில்லை. கொல்லிமலைக்கு வண்டிப்பாதை கிடையாது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து சுமையாட்களைப் பிடித்து, கண்ணாடிச் சாமான் உடையாமல் ஏற்றிக்கொண்டு வந்து சேர்வதற்குள் மனிதர் பாதியாக இளைத்துப் போயிருந்தார். அத்தனை பாடுபட்டு வந்தவருக்கு ஒரு விரல்கூடக் கிடைக்கவில்லை.

கடைசியில் அவர் கோயில் மரத்தடிக்கே போனார். ஊர் கூடியிருந்தது. செல்லமுத்துவும் பின்வரிசையில் குந்தியிருந்தான். அவன் மனைவி பாப்பாயி நிறைமாதம். அவன் யோசனையெல்லாம் வீட்டில் இருந்தது, டாக்டர் பேசியதில் பாதிதான் காதில் விழுந்தது. விழுந்த பாதியே பிற்பாடு அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

"உங்க முன்னோருங்க காஞ்சீவரத்துல இருந்து அண்ணன் தம்பிங்களா வந்தாங்கன்னு சொல்றீங்க. ரத்தத்தைப் பார்த்தா அந்த வேர் தெரிஞ்சிருமுங்க. ஆரு ஆருக்கு ஒறவு, எங்கிருந்து பிரிஞ்சு வந்தாங்கன்னு கண்டுபுடிச்சிரலாம்" என்றார் டாக்டர்.

ஊர்க்கவுண்டர் ராசப்பன் தாடையைத் தடவினார். அவசரப்பட்டு எதையும் பேசாத மனிதர் அவர். "அப்ப பங்காளி ஆரு, மாமன் மச்சான் ஆருன்னுகூடத் தெரியுமுங்களா?" என்று கேட்டார்.

மலையில் கல்யாணத்துக்கு முன்னால் கேட்கிற முதல் கேள்வி அதுதான். ஒரு குலத்தில் பிறந்தவர்கள் எல்லாம் பங்காளிகள், எத்தனை தலைமுறை விலகியிருந்தாலும் அண்ணன் தங்கச்சிகள். மாமன் மச்சான் குலத்தில்தான் பெண் கொடுக்கலாம், எடுக்கலாம். அது தப்பினால் விளைச்சல் தங்காது, பிள்ளை தங்காது என்பது ஊர் நம்பிக்கை.

டாக்டர் களைத்துப் போயிருந்தார். விரல்கள் வேண்டியிருந்தன. சிரித்துக்கொண்டே, "தெரியுமுங்க. எல்லாம் தெரியும்" என்றார்.

அந்த 'எல்லாம்' யாரும் கேட்காதது. ஆனால் அவரைப் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது. அந்தக் காலத்தில் பெரிய பெரிய ஊர்களில் பெரிய பெரிய படிப்பாளிகளே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள். ரத்தத்தைத் தொட்டுப் பார்த்து ஒரு சனத்தின் பூர்வீகத்தைச் சொல்லிவிடலாம் என்றுதான் அவரையே மலைக்கு ஏற்றிவிட்டிருந்தார்கள். படித்தவனும் படிக்காதவனும் ஒரே நம்பிக்கையில் அன்றைக்கு அந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். யோசித்துச் சொல்வதாக ராசப்பன் சொன்னார், கூட்டம் கலைந்தது.

விரல்கள் கிடைப்பதற்கு முன்னால் பாப்பாயிக்கு வலி வந்துவிட்டது.

அது மூன்றாவது பிரசவம். முதல் பிள்ளை செத்தே பிறந்தது. இரண்டாவது, பேர் வைப்பதற்குள் போய்விட்டது. இந்தத் தடவை பாப்பாயி எல்லா விரதமும் இருந்தாள், எல்லா வேண்டுதல் முடிச்சும் முடிந்தாள். கார்த்திகை மாதப் பனியில் காலையிலிருந்து துடித்து உச்சிக்குப் பிறந்த ஆண்பிள்ளை அழவேயில்லை. மருத்துவச்சி அதைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள், காதில் ஊதினாள், பிறகு துணியில் சுற்றிக் கீழே வைத்துவிட்டாள். செல்லமுத்து அந்தச் சுருளைப் பார்த்துக்கொண்டு நின்றான். அழுகை வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

அழக்கூட நேரம் கிடைக்கவில்லை என்பதுதான் நிஜம். பாப்பாயிக்கு ரத்தம் நிற்கவில்லை. பாய் நனைந்து, பாய்க்குக் கீழே போட்டிருந்த வைக்கோல் நனைந்து, மண் நனைந்தது. அவள் முகம் சாம்பல் பூத்தது. பேறு பார்க்க வந்திருந்த அவளுடைய அண்ணன் கருப்பண்ணன்தான் போர்வையைக் கழியில் கட்டித் தூளி ஆக்கினான். அதே மலையில் இன்னொரு ஊர்க்கூட்டமான பெரக்கரை நாட்டிலிருந்து ஒரு வாழைத்தாரையும் ஒரு கலயம் தேனையும் சுமந்துகொண்டு பிறக்கப்போகிற மருமகனைப் பார்க்க வந்தவன் அவன். "புடி மாப்ளை, டாக்டருகிட்டப் போலாம்" என்று கத்தினான். செல்லமுத்து மறுமுனையைத் தோளில் வைத்தான். வழியில் ஊர்க்கவுண்டரும் இன்னும் சிலரும் சேர்ந்துகொண்டார்கள், தோள் மாற்றினார்கள். வாசலூர்பட்டி வந்து சேரும்போது பாப்பாயி கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தாள், ஆனால் எதையும் பார்க்கவில்லை.

டாக்டரைக் குறை சொல்லக்கூடாது. அவர் அன்றைக்குச் செய்த வேலையை யார் செய்தாலும் கும்பிடலாம். கையை உள்ளே விட்டு, அழுத்திப் பிடித்து, மருந்து குத்தி, பெருக்கை நிறுத்திவிட்டார். ஆனால் உள்ளே மிச்சம் எதுவும் இல்லை. நாடியைப் பிடித்துப் பார்த்து, "இவளுக்கு ரத்தம் ஏத்தோணும். இல்லாட்டித் தாங்க மாட்டா. ஆரு குடுக்கறீங்க?" என்றார்.

"நான் குடுக்கறனுங்க" என்று கருப்பண்ணன் முன்னால் வந்தான். விரலை நீட்டாத மலையில் முழங்கையையே நீட்டினான். "என்ற கூடப் பொறந்தவளுங்க. என்ற ரத்தம் அவளுக்குச் சேராம ஆரோட ரத்தம் சேரும்?"

"பார்த்துட்டுத்தான் ஏத்தோணும்" என்றார் டாக்டர்.

பாப்பாயியிடமிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்தார். எடுப்பதற்கே மனசு வராமல்தான் எடுத்தார். அதைக் கண்ணாடிக் குழலில் ஊற்றிக் கைப்பிடி வைத்த ஒரு சின்ன ராட்டினத்தில் மாட்டிக் கரகரவென்று சுற்றினார். குழலைத் தூக்கிப் பார்த்தபோது அடியில் சிவப்பு தங்கி, மேலே மஞ்சள் தண்ணீர் தெளிந்திருந்தது. அந்த மஞ்சள் தண்ணீரில் ஒரு சொட்டை வெள்ளைப் பீங்கான் தட்டில் விட்டார். கருப்பண்ணனின் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை அதில் கலந்தார். தட்டை இப்படியும் அப்படியும் சாய்த்தார்.

வாசலில் தலைகள் நெருக்கியடித்தன. எல்லாரும் பார்த்தார்கள், செல்லமுத்துவும் பார்த்தான். சிவப்பு முதலில் சமமாகப் பரவியது. பிறகு அங்கங்கே பொடிப்பொடியாகச் சேர்ந்தது, பொடிகள் சேர்ந்து கட்டிகள் ஆயின. கெட்டுப்போன பால் அடுப்பில் திரிவது மாதிரி, சிவப்புத் தனியாகவும் தண்ணீர் தனியாகவும் பிரிந்து நின்றது.

"திரிஞ்சு போச்சே" என்றார் யாரோ.

"இது ஆகாது. ஏத்துனா உள்ளாறயும் இப்படித்தான் திரியும். செத்தே போயிருவா" என்றார் டாக்டர்.

கருப்பண்ணன் நம்பவில்லை. "இன்னொருக்காப் பாருங்க" என்று அடுத்த விரலை நீட்டினான். டாக்டர் இன்னொரு முறையும் பார்த்தார். அதுவும் திரிந்தது. அவன் தன் விரல்நுனியையே யாரோ ஒருவருடைய விரல் மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அடுத்து ஆரு?"

செல்லமுத்து கையை நீட்டினான். குத்தியது அவனுக்கு வலிக்கவேயில்லை. அவன் ரத்தம் அந்த மஞ்சள் தண்ணீரில் குங்குமம் கரைத்த மாதிரி ஒரே சீராகக் கலந்து, சாய்த்த பக்கமெல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடியது. டாக்டர் தம் பெட்டியில் கொண்டு வந்திருந்த வகை பார்க்கும் இரண்டு சின்னச் சீசாத் தண்ணீரிலும் மூன்று பேர் ரத்தத்தையும் சோதித்துப் பார்த்தார். பாப்பாயியுடையது பி, செல்லமுத்துவுடையதும் பி, கருப்பண்ணனுடையது ஏ. அவர் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக வெளிச்சம் வந்தது. "உன்றது அப்படியே சேருது. உக்காரு" என்று அவனைப் பிடித்து உட்கார வைத்தார்.

ரத்தம் ரப்பர் குழாய் வழியாகப் புட்டியில் இறங்கியது, புட்டியிலிருந்து பாப்பாயிக்குள் இறங்கியது. செல்லமுத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். தனக்குள்ளிருந்து இத்தனை போகிறது, ஒன்றுமே தெரியவில்லையே என்று நினைத்தான். ராசப்பன் தலைமாட்டில் நின்று, இதெல்லாம் எப்படி என்று மெதுவாகக் கேட்டார். புட்டியில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே டாக்டர் சொன்னார்.

"ரத்தத்துல செவப்புக் குருணை கோடிக்கணக்குல மெதக்குதுங்க. ஒவ்வொரு குருணை மேலயும் ஒரு அடையாளம் ஒட்டியிருக்கும். அதுக்கு ஆன்டிஜென்னு பேரு. சிலருக்கு ஏங்கிற அடையாளம், சிலருக்கு பி, சிலருக்கு ரெண்டும் இருக்கும். சிலருக்கு ஒண்ணுமே இருக்காது. அந்த மஞ்சத் தண்ணி இருக்குது பாருங்க, அதுல காவக்காரங்க இருக்கறாங்க. ஆன்டிபாடின்னு சொல்றது. தன்னகிட்ட இல்லாத அடையாளம் உள்ளாற வந்தா உட மாட்டாங்க. குருணையை எல்லாம் புடிச்சு ஒண்ணோட ஒண்ணாக் கட்டிப்போட்டுருவாங்க. அதான் நீங்க பார்த்த திரிசல்."

ராசப்பன் அதை மனசுக்குள் ஒருமுறை உருட்டிப் பார்த்தார். "அப்ப பாப்பாயியோட காவக்காரன், கருப்பண்ணனை அந்நியன்னு சொல்றான். செல்லமுத்துவைத் தன்னவன்னு சொல்றான். அப்படித்தானுங்களே?"

"ஆமாங்க, அப்படித்தான்" என்றார் டாக்டர். பாப்பாயியின் உதட்டில் நிறம் திரும்புகிறதா என்றுதான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிறம் திரும்பியது. பொழுது சாயும் முன் பாப்பாயி தண்ணீர் கேட்டாள். செல்லமுத்துவின் கையில் பஞ்சை வைத்துக் கட்டிவிட்டு டாக்டர் அவன் முதுகில் தட்டினார். "பயப்படாதே. நீ குடுத்த ரத்தம் மூணு நாலு மாசத்துக்குத்தான் அவளுக்குள்ள ஓடும். அப்புறம் தேஞ்சு போயிரும். அதுக்குள்ள அவளுக்குச் சொந்தமா ஊறிரும். சித்திரை பொறக்கறப்ப உன்றது ஒரு சொட்டுக்கூட இருக்காது, பாரு" என்றார். நல்ல செய்தியாகத்தான் சொன்னார். செல்லமுத்து தலையை ஆட்டினான்.

வாசலில் நின்றவர்கள் ஊருக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னால் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. அண்ணன் ரத்தம் திரிந்தது, புருஷன் ரத்தம் சேர்ந்தது. டாக்டரே ஆமாம் என்று சொன்னார். அவர் வாயால்தானே, பங்காளி யார் மாமன் மச்சான் யார் என்று எல்லாம் தெரியும் என்றும் சொன்னார்? அப்படியானால் பாப்பாயி யார்? செல்லமுத்துவுக்கு அவள் என்ன ஆகவேண்டும்? கேட்டவர்கள் எல்லாரும் அந்தக் கடைசிக் கேள்வியில் வந்து நின்றார்கள், நின்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிறகு மூன்று பிள்ளைகளும் ஏன் தங்கவில்லை என்று சொல்லிக்கொண்டார்கள். அது அத்தனை பேருக்கும் சட்டென்று பொருந்திப்போனது.

பாப்பாயியின் செத்துப்போன தாயையும் விட்டுவைக்கவில்லை. அவள் யாருக்கு இவளைப் பெற்றாளோ என்று தண்ணீர்த்துறையில் பேச்சு எழுந்தது. கருப்பண்ணன் அதைக் கேட்டுவிட்டுப் பேசியவளின் வீட்டுக்கே போய்ச் சத்தம் போட்டான். அவனை நாலு பேர் பிடித்துத் தள்ளினார்கள். தங்கை படுத்திருந்த இடத்துக்கு வந்தான். "எங்கம்மாளை இந்த நாக்குங்க தின்னுப்போட்டுது புள்ள. இனி நான் இந்த நாட்டுல கால் வெக்க மாட்டேன்" என்றான். பாப்பாயி அவன் கையைப் பிடித்தாள். அவன் விடுவித்துக்கொண்டு பெரக்கரைப் பக்கம் இறங்கிப் போனான். போகும்போது செல்லமுத்துவை மாப்ளை என்று கூப்பிடவில்லை, வேறு எப்படியும் கூப்பிடவுமில்லை.

ஊர் மறுபடியும் கூடியது. டாக்டரும் வந்தார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. சமாச்சாரம் காதுக்கு எட்டியதும் ஓடி வந்திருந்தார்.

"கவுண்டரே, நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க. இந்த அடையாளத்தைத் தாய் ஒண்ணு தருவா, தகப்பன் ஒண்ணு தருவான். ஒரு புள்ளைக்குத் தாயோடது வரும், இன்னொண்ணுக்குத் தகப்பனோடது வரும். உங்க பட்டியில ஒரே மாட்டுக்குப் பொறந்த கன்னு ஒண்ணு செவலை, ஒண்ணு மயிலைன்னு இருக்குதே. அதுக்காக ரெண்டும் ஒரு மாட்டுக் கன்னு இல்லைன்னா சொல்றீங்க?"

கூட்டத்தில் சில தலைகள் அசைந்தன. மாட்டுக் கணக்கு அவர்களுக்கு விளங்குகிற கணக்கு. பின்வரிசையில் செல்லமுத்து தன்னையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"பி வகை ஆளுங்க இந்த மலையிலயும் இருக்கறாங்க, கீழ சேந்தமங்கலத்துச் சந்தையிலயும் இருக்கறாங்க, சீமையிலயும் இருக்கறாங்க. அவங்கெல்லாம் செல்லமுத்துக்குப் பங்காளிங்களா?"

"அப்ப அன்னிக்கு, எல்லாம் தெரியும்னு சொன்னீங்களே. அது பொய்யுங்களா?" என்று ஒரு கிழவர் கேட்டார். குத்திக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

டாக்டர் கிழவர் பக்கம் திரும்பினார். "அது ஒருத்தர் ரெண்டு பேரை வெச்சுச் சொல்றதில்லீங்க. ஆயிரம் பேரைப் பார்த்து, கூட்டிக் கழிச்சு..." என்று ஆரம்பித்தார். அவருக்கே பாதியில் குரல் இறங்கிவிட்டது. பிறகு ஒரு வேகத்தில், "சரி, எல்லாரும் விரலைக் குடுங்க. இப்பவே காட்டறேன். எத்தனையோ ஊட்டுல புருசன் பொண்டாட்டி ரத்தம் ஒத்துப்போகும், கூடப் பொறந்தவங்க ரத்தம் திரியும். கண்ணால பாருங்க!" என்றார்.

அவர் நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. ஒவ்வொரு ஆணும் எதிரே பெண்கள் கூட்டத்தில் தன் மனைவியைத் தேடினான். ஒவ்வொரு பெண்ணும் தன் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்த வெள்ளைப் பீங்கான் யார் வீட்டை உடைக்கும் என்று யாருக்குத் தெரியும்? எல்லாரும் கைகளை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள்.

ராசப்பன் எழுந்தார். டாக்டரின் தோளைத் தொட்டுக் கொஞ்சம் தள்ளி, பலாமரத்துப் பக்கம் கூட்டிப் போனார். செல்லமுத்து குந்தியிருந்த இடத்துக்கு அது பக்கம்.

"நீங்க சொல்றது நெசமாத்தானுங்க இருக்கும். எனக்குப் புரியுது" என்றார் ராசப்பன். "ஆனா அந்தப் பீங்கானை ஊட்டுக்கு ஊடு கொண்டு போனா இந்த நாட்டுல ஒரு அடுப்பு எரியாதுங்க. பார்த்தவங்க பார்த்துட்டாங்க. இனி எந்தப் புள்ள செத்தாலும், எந்த வெள்ளாமை கருகுனாலும் இவங்க ரெண்டு பேரைத்தான் கை காட்டுவாங்க. ஒரு ஊட்டோட போகட்டும். நீங்க எறங்கிப் போயிருங்க சாமி."

செல்லமுத்து கேட்டுக்கொண்டிருப்பதை அவர் பார்த்தார். குரலைத் தணிக்கவில்லை. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார். தீர்ப்பை மறுநாள் காலையில் சொல்வதாகச் சொல்லிக் கூட்டத்தை எழுப்பிவிட்டார்.

அன்று அந்தியில் பாப்பாயி அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நடக்கிற அளவுக்குத் தேறியிருந்தாள். சாமைச் சோறு வெந்துகொண்டிருந்தது. செல்லமுத்து வந்து சுவரில் சாய்ந்தான்.

"ஏனுங்க" என்றாள். அவனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். "எறங்கிப் போயிரலாமுங்களா? சேந்தமங்கலத்துல மூட்டை தூக்குனாக்கூடப் பொழச்சுக்கலாம். அந்த டாக்டருகூடப் போனா வழி காட்டுவாரு. நான் நடந்துருவேனுங்க. எனக்கு இப்பத் தெம்பு இருக்குது."

அவனுக்கு எல்லாம் தெரியும். ஊர்க்கவுண்டரே உண்மை என்று ஒப்புக்கொண்டதைத் தன் காதால் கேட்டவன். "சரி, கெளம்பு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், விடிவதற்குள் காரவள்ளியில் இருக்கலாம். அந்த வார்த்தை ஏன் வரவில்லை என்று கேட்டால், அவன் மனசு அன்றைக்கு மரக்கட்டையாகக் கிடந்தது. மூன்று பிள்ளைகளைக் குழிக்குள் வைத்தவன் அவன். ஏன், ஏன் என்று கேட்டுக் கேட்டுக் களைத்தவன். ஒருத்தரும் பதில் சொல்லாத அந்தக் கேள்விக்கு இப்போது ஒரு ஊரே சேர்ந்து பதில் சொல்லியது. பொய்ப் பதில்தான். ஆனால் கையில் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று கிடைத்த மாதிரி இருந்தது. அதை விட்டுவிட்டு மறுபடியும் பதில் இல்லாத இடத்துக்குப் போக அவனுக்குத் தெம்பில்லை. இருந்த தெம்பையெல்லாம் குழாய் வழியாக அவளுக்குக் கொடுத்துவிட்டான் போலிருக்கிறது.

அவன் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பாப்பாயி காத்திருந்தாள். பிறகு சோற்றை இறக்கி, அவனுக்குப் போட்டுவைத்தாள். இரண்டாம் தடவை அவள் கேட்கவில்லை.

காலையில் தீர்ப்பு ஆனது. சேராத கல்யாணம், தெரியாமல் நடந்தது, யார் மேலும் குற்றமில்லை. தாலியை அவிழ்த்துக் கோயிலில் வைத்துவிட வேண்டியது. பெரக்கரையில் அவளுக்கு உறவு இல்லை என்று ரத்தமே சொல்லிவிட்டதால் அவள் செல்லமுத்துவின் குலத்துப் பெண். அவன் வீட்டிலேயே தங்கச்சியாக இருக்கட்டும், நல்ல இடமாகப் பார்த்து அவன் கையாலேயே கட்டிக்கொடுக்கட்டும். யாரையும் ஊரைவிட்டுத் தள்ளவில்லை, யாரையும் அடிக்கவில்லை. ராசப்பன் நியாயஸ்தர் என்று எல்லாரும் சொன்னார்கள்.

பாப்பாயி தாலியை ஒரு இலையில் வைத்தாள். முடிச்சு இறுகியிருந்ததால் கொஞ்ச நேரம் பிடித்தது. செல்லமுத்து உதவிக்குக் கையை நீட்டப் போய், அது கூடாது என்று நினைவு வந்து இறக்கிக்கொண்டான்.

டாக்டர் அன்றைக்கே இறங்கினார். போகிற வழியில் செல்லமுத்துவின் வீட்டு வாசலில் நின்றார். "நீங்க ரெண்டு பேரும் என்னோட வாங்க. நான் பார்த்துக்கறேன். என்னாலதான் இத்தனையும்" என்றார். கண் கலங்கியிருந்தது. செல்லமுத்து, "ஒண்ணுமில்லீங்க, போயிட்டு வாங்க" என்று கும்பிட்டான். மரியாதையாகத்தான் கும்பிட்டான். பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிவில் இறங்கின. மலையிலிருந்து அவர் கொண்டுபோனது மூன்றே பேரின் ரத்தக் கணக்கு.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு சண்டை சச்சரவு கிடையாது. செல்லமுத்து மாட்டுக்கொட்டிலில் படுத்தான். பாப்பாயி உள்ளே படுத்தாள். காலையில் அவன் மிளகுக்கொடி கட்டப் போனான், அவள் களை எடுக்கப் போனாள். அவள் ஆக்கினாள், அவன் தின்றான். ஒன்று மட்டும் மாறியிருந்தது. அவள் அவனை எப்படியும் கூப்பிடவில்லை. "ஏனுங்க" என்பது தாலியோடு போய்விட்டது. 'அண்ணா' என்று சொல்லவேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் சொல்லிக்கொடுத்தார்கள், அவள் வாய் திறக்கவில்லை. சோறு ஆனால் கரண்டியால் சட்டியைத் தட்டுவாள். அவன் வந்து உட்காருவான். அந்தச் சத்தத்துக்கு அவன் பழகிப்போனான். சொல்லப்போனால் அதற்காகக் காத்திருந்தான். அவள் இன்னும் தன்னை அண்ணன் என்று சொல்லவில்லை என்பது ஒன்றுதான் அவனிடம் மிச்சம் இருந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

வைகாசியில் தேவனூர் நாட்டிலிருந்து சின்னராசு என்பவன் பெண் கேட்டு வந்தான். மனைவியை இழந்தவன், தாயில்லாத இரண்டு பிள்ளைகள். நல்ல உழைப்பாளி, குடிக்காதவன். அண்ணன் என்ற முறையில் செல்லமுத்துவிடம்தான் கேட்டார்கள். அவன் பாப்பாயியைப் பார்த்தான். அவள் சட்டியைக் கழுவிக்கொண்டே, "புள்ளைங்க எத்தனை பெருசு?" என்று கேட்டாள். வந்தவர்கள் சொன்னார்கள். "செரி" என்றாள்.

கோயில் மரத்தடியில் கல்யாணம் நடந்தது. தாரை வார்க்கவேண்டியது அண்ணன். செல்லமுத்து செம்பை எடுத்தான். அவள் கை சின்னராசுவின் கைமேல் இருந்தது, அவன் அதன்மேல் தண்ணீரை ஊற்றினான். சித்திரை பிறந்தால் உன்னுடையது ஒரு சொட்டுக்கூட இருக்காது என்று டாக்டர் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. சித்திரை போய் வைகாசியும் பாதி ஆகியிருந்தது. அவனை அவளுக்கு அண்ணன் ஆக்கிய ரத்தம் அவளுக்குள் எங்கேயும் இல்லை, அவளுடைய சொந்த ரத்தம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. இதைக் கூட்டத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும் என்று அவனுக்கு ஒரு கணம் தோன்றியது. ஆறு மாதத்தில் முதல் தடவையாக நெஞ்சுக்குள் என்னவோ குத்தியது, நிஜமாகவே வலித்தது. ராசப்பன் பக்கத்தில் நின்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். செம்பில் தண்ணீர் தீர்ந்தது. அவன் அதைக் கீழே வைத்தான்.

பெண்ணை அனுப்பும் நேரம் வந்தது. தேவனூர்ச் சனம் முன்னால் நடக்க ஆரம்பித்திருந்தது. சின்னராசுவின் சின்னப்பிள்ளை அதற்குள் பாப்பாயியின் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் திரும்பி வந்து செல்லமுத்துவின் முன்னால் நின்றாள். அவன் கையில் ஊசி குத்திய இடத்தைப் பார்த்தாள், தழும்புகூட இல்லை. பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"போயிட்டு வாரேனுங்கண்ணா" என்றாள்.

"செரி கண்ணு, பார்த்துப் போ" என்றான் செல்லமுத்து. அண்ணன் சொல்லவேண்டியது அதுதான்.